வெள்ளமும் வேண்டுதலும்

பெருந்துயர் நேரும்போது மனித உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இது எப்படி நேர்ந்தது?" என்பது ஒன்று. "இது எனக்கு ஏன் நேர்ந்தது?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வானிலை அறிஞரும் நிலநூல் வல்லாரும் விடை கூறுவர். இரண்டாம் கேள்வி அவர்களது எல்லைக்குள் வருவதில்லை. ஆயினும், வீட்டை வெள்ளத்திற்குக் கொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்திருக்கும் தாய் கேட்பது பெரும்பாலும் இரண்டாம் கேள்வியையே. அதற்கு உலகெங்கணும் மக்கள் சமயத்தினிடம் விடை தேடி வந்திருக்கின்றனர். அவ்விடை அவர்களுக்கு என்ன செய்தது, எங்கே துணை நின்றது, எங்கே கேடு விளைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாயாங் லாயாங்கில் பெய்யும் மழை

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்தின் தென்பகுதியில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். காற்றில் பறக்கவிடும் பட்டத்திற்கு மலாய் மொழியில் இதுவே பெயர்; தகைவிலான் என்னும் சிறு பறவையையும் அம்மொழியினர் இப்படியே அழைப்பர். ஊரைச் சுற்றிலும் தோட்டங்கள். முன்பு ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. ஊலு ரெமிஸ் போன்ற பெருந்தோட்டங்களின் பெயர் ஜொகூர்த் தமிழர்க்குப் புதியதன்று.

இப்பகுதியில் பெய்யும் மழை சாயோங் ஆற்றில் சேர்கிறது. சாயோங்கும் லிங்கியூவும் கூடி ஜொகூர் ஆறாகின்றன. அந்த ஆறு கோத்தா திங்கி நகரைக் கடந்து கடலை நோக்கிச் செல்கிறது. எனவே, மேற்பகுதியில் பெய்த மழை அவ்வூர்களின் வாய்க்கால்களை நிரப்புவதோடு நின்றுவிடுவதில்லை. கீழே தாழ்நிலத்தில் வாழ்வோர் வீட்டிற்குள்ளும் அது புகுகிறது. கடல் ஏற்றம் அவ்வேளையில் குறுக்கிட்டால் ஆற்று நீர் வடிய வழியின்றித் தேங்கி நிற்கும்.

2006-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18, 19-ஆம் நாட்களில் தீபகற்பத்தின் தென்பகுதியில் பெருமழை கொட்டியது. ஆறுகள் கரை புரண்டன. நீர் வடிந்து வீடு திரும்பியவர்கள் சேற்றைக் கழுவி முடித்துச் சற்றே மூச்சு விடுவதற்குள், 2007-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாளை ஒட்டி மீண்டும் பெருமழை பிடித்தது. இரண்டாம் முறை ஜொகூரில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு நிலையங்களில் தஞ்சம் புக நேர்ந்தது. இரு வெள்ளங்களிலும் 18 பேர் மாண்டனர். கோத்தா திங்கி நகரம் பட்ட துன்பமே மிகப் பெரிது. அதன் பின்னும் துயரம் ஓயவில்லை. 2023 மார்ச் வெள்ளத்தில் குளுவாங் மாவட்டமும் தப்பவில்லை.

ஒரு முறை வரும் வெள்ளத்தை மனிதன் தற்செயல் என்று ஏற்றுக்கொள்ளக் கூடும். ஒரு திங்களுக்குள் அதுவே திரும்பி வருமானால், "ஏன்?" என்னும் கேள்வி நெஞ்சைத் துளைக்கத் தொடங்குகிறது. அங்கேதான் கோயில் மணியின் ஓசை மனிதனுக்குத் தெளிவாகக் கேட்கிறது.

மாரி என்னும் சொல்

மலாயாத் தோட்டத்துத் தமிழர் எங்கெங்கு லயம் அமைத்தனரோ அங்கெல்லாம் ஒரு கோயிலும் அமைத்தனர். அது பெரும்பாலும் மாரியம்மன் கோயிலாகவே இருந்தது. 'மாரி' என்றால் மழை. பழந்தமிழ் நூல்களில் இச்சொல் மழையையே குறிக்கிறது. பிற்காலத்தில் அம்மை நோய்க்கும் மாரிக்கும் உறவு ஏற்பட்டது. வானம் பொய்த்து வெயில் காயும் காலத்தில் வெப்பு நோய்கள் பரவுவதைக் கண்ட மக்கள், மழையைத் தருபவளும் நோயைத் தணிப்பவளும் ஒருத்தியே என்று கொண்டனர். கூழ் ஊற்றுவதும், வேப்பிலை கட்டுவதும், தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பதும் இக்கருத்தின் வெளிப்பாடுகளே.

இங்கே ஒரு புதுமையை நாம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சிற்றூரான் அம்மனிடம் கேட்டது மழையை. ஏரி நிரம்பினால் நெல் விளையும், நிரம்பாவிட்டால் பஞ்சம். அதே மனிதன் மலாயாவிற்கு வந்தபோது, வேண்டிய அளவிற்கு மேல் மழை பெய்யும் நாட்டில் நின்றான். விடியற்காலை மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டிய பாலும் கோப்பையில் நில்லாமல் வழிந்தோடிவிடும். மழை நாள் என்பது அவனுக்குக் கூலியில்லாத நாள். ஊரில் "பெய்யட்டும் தாயே" என்றவன், இங்கே "நிற்கட்டும் தாயே" என்று வேண்டலானான். தெய்வம் மாறவில்லை, வேண்டுதல் தலைகீழாயிற்று.

இது முரண்பாடு என்று சிலர் நகைக்கலாம். ஆழ்ந்து நோக்கினால் இதில் ஓர் உண்மை விளங்கும். மாரியம்மன் வழிபாடு மழை எவ்வாறு பெய்கிறது என்பதை விளக்க எழுந்த கொள்கை என்றால், மழை மிகுந்த நாட்டில் அதற்கு வேலையில்லாமற் போயிருக்கும். அம்மை நோயின் கதையும் இதையே காட்டுகிறது. பெரியம்மை உலகினின்றும் ஒழிந்துவிட்டது என்று 1980-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்தது அம்மைப்பால் குத்திய ஊசி. நோய் மறைந்தது, ஆயினும் மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை. ஆகவே, நம்பிக்கை நின்றிருப்பது விளக்கம் என்னும் ஒற்றைக் காலின் மீதன்று என்பது தெளிவு.

பழம் நூல்கள் தரும் மூன்று விடைகள்

இயற்கைச் சீற்றத்தைப் பற்றித் தமிழ் நூல்கள் ஒரே கருத்தைக் கூறவில்லை. மூன்று வேறு விடைகளை அவற்றிற் காணலாம்.

முதலாவது, கடமையை மறந்ததன் விளைவு என்பது. மணிமேகலைக் காப்பியத்தின்படி, மகனை இழந்த துயரில் மூழ்கிய சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. இங்கே விழா என்பது ஊர் முழுவதையும் ஒன்று கூட்டும் ஏற்பாடு. அது நின்றால் ஊரே நில்லாது என்னும் அச்சம் இக்கதையில் உறைகிறது.

இரண்டாவது, அநீதியின் விளைவு என்பது. கண்ணகிக்கு இழைத்த கொடுமைக்குப் பின் பாண்டி நாடு மழை வளம் குன்றி, வறுமையும் நோயும் அடைந்தது என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அதற்குக் கழுவாயாகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்பதும் அங்கேயே வருகிறது. தவறு செய்தவன் ஒரு பொற்கொல்லன், மாண்டவரோ ஆயிரவர். துன்பத்திற்குக் காரணமானவனைத் தேடும் மனம் எவ்வளவு எளிதில் குற்றமற்றவரைப் பிடித்துவிடுகிறது!

மூன்றாவது, திருவிளையாடற் புராணத்தில் வரும் வந்தியின் கதை. வையையில் வெள்ளம் பெருகுகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது அரசன் ஆணை. ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து, பிட்டுக்கு மண் சுமக்கிறார். இக்கதையில் வெள்ளத்திற்கு யார் குற்றவாளி என்ற தேடல் முதன்மை பெறவில்லை. கரையை அடைக்கும் வேலையே முன் நிற்கிறது. இறைவன் வானத்திலிருந்து வெள்ளத்தை நிறுத்தவில்லை. கூடையைத் தலையில் ஏற்றுகிறார். அரசன் அடித்த பிரம்படி எல்லா உயிர் மேலும் பட்டது என்று கதை முடிகிறது. ஒருவர்க்கு நேர்ந்த துன்பம் யாவர்க்கும் உரியது என்பதை இதைவிட எளிதாக உணர்த்த இயலாது.

குற்றவாளியைத் தேடும் போக்கு

மேற்கூறிய மூன்றில் இரண்டாவதே மிகுந்த இடர் தருவது. இது பழங்காலத்தோடு ஒழிந்துவிட்டதா? இல்லை.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், அது தீண்டாமை என்னும் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையைச் சாடியவர்களிற்கூடப் பலர் இதனை ஒப்பவில்லை. அவர்களில் தலையானவர் தாகூர். இயற்கை நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று அவர் எழுதினார். அவர் சுட்டிய இடர் நுட்பமானது: இதே வாதத்தை எதிர்ப்பக்கத்தாரும் எடுத்தாளலாம், தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் நிலம் நடுங்கியது என்று அவர்கள் கூறினால் மறுப்பது எப்படி? காந்தியடிகள் அம்மறுப்பைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, தம் நம்பிக்கையையும் விடாது வலியுறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டே மாறுபட்டது போற்றத்தக்கது. எனினும், இடிபாட்டில் மாண்டவர்களுள் தீண்டாமைக்கு ஆளான ஏழைகளும் இருந்தனர் என்பதை எண்ணும்போது, வாதத்தில் தாகூரின் பக்கமே வலுவுடையது எனத் தோன்றுகிறது.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சபாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கினாபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் மலையுச்சியில் ஆடை களைந்து படமெடுத்துக்கொண்டனர். இறந்தோர் ஆவி உறையும் புனித மலை என அதனைப் போற்றும் கடசான் டூசுன் மக்கள், மலை சினங்கொண்டது என்று வருந்தினர்; சமாதானச் சடங்கும் நடத்தினர். நால்வருக்கு நீதிமன்றம் மூன்று நாள் சிறையும் 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. அங்கே சட்டம் தண்டித்தது பொது இடத்தில் செய்த அடாத செயலை, நிலநடுக்கத்தை அன்று. பிறர் புனிதமெனக் கொண்டதை இகழ்வது குற்றமே. ஆனால், மாண்டோரின் இறப்பை அந்நால்வர் மேல் ஏற்றுவது நீதியாகாது.

மேலை நாட்டிலும் இப்போராட்டம் நடந்தது. 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, லிஸ்பன் மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது, தொடர்ந்து கடல் பொங்கியது, தீயும் பற்றியது. வழிபட்டுக்கொண்டிருந்தவர்களே நசுங்கினர். இவ்வுலகம் யாவும் நன்மைக்கே அமைந்தது என்ற தத்துவத்தை வால்ட்டேர் எள்ளி நகையாடியது இதன் பின்னரே. மலகிரிடா என்னும் துறவி, இது பாவத்தின் கூலி. வீடு கட்டுவதை விடத் தவஞ் செய்வதே தக்கது என்று நூல் எழுதினார். அமைச்சர் பொம்பாலோ ஒவ்வொரு பங்கிற்கும் வினாப் பட்டியல் அனுப்பினார்: நடுக்கம் எத்தனை நேரம் நீடித்தது? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? கிணற்று நீர் என்ன ஆயிற்று? நிலநடுக்க இயல் என்னும் துறைக்கு வித்திட்டவை இவ்வினாக்கள். அவற்றிற்கு விடையெழுதி அனுப்பியவர்கள் அந்தந்தப் பங்கின் பாதிரிமார்களே என்பதை மறத்தலாகாது. சமயத் தொண்டரின் கையே அறிவியலுக்கும் உதவியது.

ஆராய்ச்சியாளர் கண்டவை

அச்சத்திற்கும் வழிபாட்டிற்கும் உள்ள உறவை முதலில் கூர்ந்து நோக்கியவருள் ஒருவர் மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி. முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிய அவர், அங்குள்ள மீனவர் அமைதியான காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதுவும் ஓதுவதில்லை. ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான சடங்குகள் செய்வதைக் கண்டார். தன் திறமை போதுமான இடத்தில் மனிதன் திறமையை நம்புகிறான். திறமை கைவிடும் எல்லையில் அதற்கப்பாற்பட்டதை நாடுகிறான். ஆழ்கடல் மீனவன் படகைச் செப்பனிடாமல் மந்திரம் மட்டும் ஓதிப் புறப்படுவதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது.

அண்மைக் கால ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. டென்மார்க் நாட்டுப் பொருளியல் அறிஞர் ஜீனட் பென்ட்சன் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நிலநடுக்கம் தாக்கிய வட்டாரங்களில் மக்களின் சமயப் பற்று மிகுவதைக் காட்டினார். எதிர்பாராத இடத்தில் நடுக்கம் ஏற்பட்டால் இவ்விளைவு கூடுதலாக இருந்தது. நிலநடுக்க நாடுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளிடத்தும் அதன் சுவடு காணப்பட்டது. தாத்தாவின் அச்சம் பேரனின் வழிபாட்டில் வாழ்கிறது எனலாம்.

நியூசிலாந்தில் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் கிரைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 185 பேர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் அதே மக்களை வினவிய சிப்லி, புல்புலியா ஆகிய இருவரும், நாட்டின் பிற பகுதிகளில் சமயப் பற்று குறைந்து வந்த வேளையில், தாக்குண்டோரிடையே அது வளர்ந்ததைக் கண்டனர். ஆனால், புதிதாக நம்பத் தொடங்கியவர்களின் உடல்நலம் மற்றவரினும் சிறந்திருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. முன்பே நம்பிக்கை கொண்டிருந்து, துயரில் அதை இழந்தவர்களே தம் நலம் குன்றியதாக உணர்ந்தனர். நம்பிக்கை மருந்தாகுமோ, ஆகாதோ. பற்றியிருந்த கொம்பு முறியும்போது விழுந்தவனுக்கு அடி பலமாகவே படுகிறது.

நம்பிக்கை ஆற்றும் பணி

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், பேரிடர்க் காலத்தில் சமய நம்பிக்கை மூன்று பணிகளைச் செய்வதைக் காணலாம்.

ஒன்று, ஆறுதல். அம்மன் முன் அழுபவள் தன் துயரைக் கேட்க ஒருத்தி உண்டு என்று உணர்கிறாள். துன்பம் நீங்கவில்லை; தனிமை நீங்குகிறது.

இரண்டு, கூட்டுதல். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்துமசுக்கு மறுநாளாதலின் வேளாங்கண்ணிக் கடற்கரையில் திரண்டிருந்த பயணிகள் பலர் அலையில் மறைந்தனர். அன்னையைத் தொழ வந்தவர்க்கே இக்கதியா என்ற கேள்விக்கு எவராலும் விடையளிக்க இயலவில்லை. ஆயினும், அடுத்த நாட்களில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் கதவைத் திறந்து, சோறும் துணியும் தந்தன. அடுப்பு மூட்டவும், அண்டா எடுக்கவும், நூறு பேருக்கு உலை வைக்கவும் முன்பே பழகிய கைகள் அங்கே இருந்தன. திருவிழாவில் கற்ற ஒழுங்கு துயரத்தில் பயன்பட்டது.

மூன்று, நினைவூட்டல். அதே பேரலையில் சுமத்திராவை அடுத்த சிமெலு தீவில் வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் மாண்டவர் எழுவரே. 1907-இல் நேர்ந்த பேரலையைப் பற்றி முன்னோர் சொல்லிவைத்த 'ஸ்மோங்' என்னும் கதை, நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று அவர்களுக்குக் கற்பித்திருந்தது. வழிபாட்டிலும் கதையிலும் ஏற்றிவைத்த அறிவு தலைமுறை கடந்து நிற்கும். ஏட்டில் மட்டும் எழுதியது பெட்டியில் தங்கிவிடும்.

அச்சே மாநிலத்தில் ஊரெல்லாம் தரைமட்டமாகியும் சில பள்ளிவாசல்கள் நின்றன. இறைவன் தன் இல்லத்தைக் காத்தான் என்றனர் மக்கள். தடித்த தூண்களும், நீர் தடையின்றிப் புகுந்து வெளியேறத் திறந்த வாயில்களும் அவற்றைக் காத்தன என்றனர் பொறியியலார். இவ்விரு கூற்றுகளும் சண்டையிட வேண்டியதில்லை. தொழும் இடம் என்பதால் மக்கள் அதனைக் கவனத்தோடும் வலுவோடும் கட்டினர். அதே கவனத்தோடு தம் வீடுகளையும் கட்டுவதற்கு அவர்களுக்குப் பொருள் இருந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாய்க்காலும் வழிபாடும்

நம்பிக்கையால் செய்ய இயலாததையும் கூறித்தான் ஆக வேண்டும். அது மழையின் அளவைக் குறைப்பதில்லை; அடைத்த வாய்க்காலைத் திறப்பதில்லை. 1901-ஆம் ஆண்டு கிள்ளான் நகரில் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போனபோது, டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. பின்னர் தோட்டங்களிலும் அம்முறை பரவியது. தோட்டத்து மாரியம்மனைத் தொழுத தமிழர்களே அவ்வடிகால்களிற் பலவற்றை மண்வெட்டி கொண்டு வெட்டினர். அவர்களுக்கு இரண்டும் பகையாகத் தோன்றவில்லை.

இன்றும் அப்படியே இருத்தல் கூடும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிப்பது யாவரும் அறிந்தது. அது திடீரென வரும் விருந்தாளியன்று. காடு அழிந்து நிலம் வெறுமையாகும்போது நீர் விரைந்து ஓடி ஆற்றை நிறைக்கிறது. மண் அடித்துச் செல்லப்பட்டு ஆற்றின் ஆழம் குறைகிறது. இவற்றைச் சீர்செய்வது அரசாங்கத்தின் கடமை. தோட்ட நிருவாகங்களின் கடமையும் ஆகும். மக்கள் இதனைக் கேட்டுப் பெறுவதற்குக் கூடிப் பேச ஓரிடம் வேண்டும். தோட்டத்தில் அவ்விடம் கோயிலே. பருவமழைக்கு முன் கோயிற் குழுவினர், மேட்டிலுள்ள மண்டபம் எது, தனித்து வாழும் முதியோர் யார், படகோ லாரியோ யாரிடம் உண்டு எனக் கணக்கெடுத்து வைக்கலாம். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு வைக்குமாறு கூறலாம். வெள்ளத்தில் இவற்றை இழந்த ஏழைக் குடும்பம் மீண்டும் அவற்றைப் பெற அலையும் அலைச்சல் வெள்ளத்தினும் கொடிது. இவை ஆடித் திருவிழாவுக்கு ஆள் அமர்த்திப் பழகியவர்களுக்கு அரிய வேலைகள் அல்ல.

"உங்கள் பாவத்தால் இது நேர்ந்தது" என்று துயருற்றவனைப் பார்த்துச் சொல்லும் நம்பிக்கை, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். "உன்னோடு நானும் மண் சுமக்கிறேன்" என்று சொல்லும் நம்பிக்கையோ ஊரைக் காக்கும். தமிழர் வழிபாட்டில் இரண்டிற்கும் இடமிருந்திருக்கிறது. வெற்றிவேற் செழியனின் பலியும் உண்டு, வந்தியின் கூலியாளும் உண்டு. அடுத்த பருவமழை வருமுன் இவ்விரண்டில் எதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாமே.